கீழ் போர்ஷன் காலியான காரணம்

உள்ள வாம்மா. செருப்ப வெளியில விட்டுரு. வீடு பாக்கத்தான வந்திருக்க? காலையில போன்ல பேசுனது நீதான? கொரலு வேற மாதிரி இருந்துச்சே. சரி, போன்ல அப்படித்தான் கேக்கும்போல. இந்தா, இந்தச் சேர்ல உக்காரு. நானும் ஒண்ணப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிறேன். வீட்ட அப்புறம் பாக்கலாம், அது எங்கிட்டும் ஓடிராது. மொதல்ல நாலு வார்த்த பேசுவோம்.

இந்த வெயில்ல கழுத்துல எதுக்கு இப்படி ஷாலச் சுத்தியிருக்க? கொஞ்சம் எறக்கு. ம். ஒண்ணுமில்ல. தப்பா நெனைக்காத, பாத்துக்கிறது நல்லது.

எதுத்தாப்ல தேய்ப்பு வண்டி போட்டிருக்காளே பஞ்சவர்ணம், அவ உன்னைய நிறுத்தி ஏதாச்சும் சொன்னாளா? இல்லங்கிற. மூஞ்சியப் பாத்தா சொன்ன மாதிரிதான் இருக்கு. எப்படியும் சொல்லுவா. இங்க குடிவந்தேன்னா மொத நாளே உன் துணிய வாங்குற சாக்குல கதையையும் சேத்து மடிச்சுக் குடுத்துருவா. அதுக்கு நானே சொல்லிர்றேன். கீழ் போர்ஷன் ஏன் ஏழு மாசமாப் பூட்டிக் கெடக்குன்னு யாருக்கும் ஒளிவுமறைவு இல்லாம நானே சொல்லிர்றேன்.

எனக்கு ஒரே மக, சிந்துஜா. அவளுக்குப் பொம்பளப் பிள்ள பொறந்து அஞ்சு மாசமாச்சு. தலச்சன் பிள்ள. முறைப்படி எங்க வீட்டுல இருந்துதான் பிரசவம் பாத்திருக்கணும். ஓசூர்ல புருஷன் வீட்டுல இருந்து போயிப் பெத்துக்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் எம் பேத்தி இந்த வாசப்படிய மிதிக்கல. நான் தூக்குனது ஒரே ஒரு தடவ, ஆஸ்பத்திரியில, அதுவும் நர்ஸ் கையில குடுத்ததால. அந்தப் பிள்ளைக்கு எம் மூஞ்சி தெரியுமான்னுகூட எனக்குத் தெரியல. அம்புட்டுக்கும் காரணம் இந்தக் கீழ்வீட்டுல இருந்தவ. பேரு தமயந்தி.

புருஷன் ராஜபாண்டி டிராக்டர் ஷோரூம்ல வேலை. இவ தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருந்தா. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளையில்ல. ரெண்டு வருஷம் இங்க இருந்தாக. சத்தம் கிடையாது, சண்டை கிடையாது, வாசல் கூட்டிக் கோலம் போடுறதுகூட என் பங்கையும் சேத்து அவளே போட்டுருவா. குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. அதுதான் எனக்கு மொதல்லயிருந்தே இடிச்சுச்சு. குறையே இல்லாத ஆளுன்னு எங்கிட்டாச்சும் உண்டா? எதையோ மறைக்கிறான்னுதான அர்த்தம்.

போன வருஷம் கழுத்துல ஆபரேஷன் பண்ணிட்டு வந்தா. கேட்டதுக்கு, தைராய்டுல சின்னக் கட்டி, எடுத்தாச்சுன்னா. தைராய்டு எனக்கும்தான் இருக்கு. காலையில வெறும் வயித்துல மாத்திரை முழுங்குறேன், எங்கழுத்த யாரு அறுத்தா? அன்னையிலயிருந்து ஒரு கண்ணு அவ மேல வச்சேன்.

அப்புறம் பாரு, அண்ணாச்சி கடையில போயி அயோடின் கலக்காத உப்பு இருக்கான்னு கேட்டிருக்கா. உப்புல என்னம்மா அது கலந்தது, கலக்காதது? நான் ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு வச்சா ஒரு கிண்ணம் கீழ போகும், கிண்ணத்த வழிச்சு நக்கித் தருவா. அந்த வாரம் அப்படியே திரும்பி வந்துச்சு. டாக்டர் மீன் திங்கக் கூடாதுன்னுட்டாராம். காப்பி குடுத்தா பால் வேண்டாங்கிறா. முட்டையும் கிடையாதாம். நம்ம வீட்டுல கைநனைக்கக் கூடாதுன்னு எவளோ ஓதியிருக்கான்னு நெனைச்சேன்.

அதோட மூஞ்சி உப்பிப் போச்சு. கண் ரப்பையெல்லாம் வீங்கி, கொரலு கரகரன்னு. பட்டப்பகல்ல தூங்கி வழியிறா. ஜெராக்ஸ் கடையப் பாதி நாளு தொறக்கல. ஒரு நாள் சொந்தக்காரவுக வீட்டுக்குப் போறோம்னு பூட்டிட்டுப் போனாக. நாலு நாள் கழிச்சு வாடகைக் கார்ல வந்து எறங்குறாக. நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன், எல்லாம் பாத்தேன். புருஷன் முன்னாடி டிரைவர் பக்கத்துல. இவ பின்னாடி, அந்தக் கடைசி ஓரத்துல. எறங்குனதும் அவன் அவளத் தொடல. கதவத் தொறந்துவிட்டு எட்டி நின்னுக்கிட்டான். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு பையத் தூக்கிக்கிட்டுச் சிநேகிதக்காரன் ரூமுக்குப் போயிட்டான்.

தண்ணித் தொட்டி மேல, எங்க படுக்கையறைக்குப் பக்கத்துல இருக்கு. கீழ ஒவ்வொரு தடவ தண்ணி இழுக்கிறதும் எனக்குக் கேக்கும். அவ கக்கூசுக்கு ஒருக்காப் போனா ரெண்டு தடவ தண்ணி இழுக்குறா. எதுக்கு ரெண்டு? குப்பைக் கூடையில பூராவும் எலுமிச்ச மிட்டாய்க் காகிதம். அவ குப்பைய நான் கெளறல, காத்துல பறந்து வந்துச்சு.

நீயும் பொம்பளதான, நீயே கூட்டிக் கழிச்சுப் பாரு. மூஞ்சி உப்புது, பகல்ல தூக்கம், மீன் ஆகல, புளிப்பாச் சப்புறா. உனக்கு என்ன தோணும்? எனக்கும் அதேதான் தோணுச்சு. ஆனா ஆறு வருஷமா இல்லாதது இப்ப எப்படி வந்துச்சு? வந்திருந்தா புருஷன் தலையில வச்சுத் தாங்கணும், அவன் என்னத்துக்கு வெளியில போனான்? அப்ப அது யாரோடது? நான் வாயத் தொறந்து யாருகிட்டயும் சொல்லல. பஞ்சவர்ணத்துக்கிட்ட மட்டும் லேசாக் கேட்டேன், உனக்கு ஏதாச்சும் தெரியுமான்னு. அம்புட்டுதான்.

இந்த நேரம் பாத்துத்தான் சிந்து வந்தா. ஏழாம் மாசம். வளைகாப்பு நம்ம வீட்டு மாடியிலதான்னு சம்பந்தகாரவுக ஒத்துக்கிட்டாக. சிந்துவுக்கும் தமயந்திக்கும் ரொம்ப ஒட்டு. வந்து எறங்குன அன்னைக்கே கீழயிருந்து போன் வருது. கீழ இருந்துக்கிட்டு மாடிக்குப் போன் பண்ணுறா, பாத்துக்க.

"அக்கா, சிந்துவப் பத்து நாளைக்குக் கீழ அனுப்பாதீங்க. நீங்களும் கொஞ்சம் எட்டியே இருங்க. நான் ஒரு மருந்து சாப்பிட்டிருக்கேன், மாசமா இருக்கிறவங்களுக்கு அது ஆகாது. அப்புறம் விவரமாச் சொல்றேன்க்கா."

அப்புறம் சொல்றாளாம். எந்த ஊர்ல இருக்கு, ஒருத்தி முழுங்குன மருந்து இன்னொருத்திக்கு ஆகாமப் போறது? எனக்குத் தெரியும், இது பொறாமை. எம் மக வயித்தப் பாக்கச் சகிக்கல. சிந்துக்கிட்ட நான் மருந்துன்னெல்லாம் சொல்லல. பிள்ளத்தாச்சிய எதுக்குப் பயமுறுத்தணும்? அவ உம் மேல கண்ணு வச்சிருக்கா, கீழ போகாதன்னு மட்டும் சொன்னேன். அவ கேப்பாளா? அடுத்த நாளே படியெறங்கிப் போனா. இவளப் பாத்ததும் தமயந்தி சன்னலச் சாத்திக்கிட்டா. எம் மக மொகம் சுருங்கி மேல வந்துச்சு.

வளைகாப்புக்கு எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு, உங்க ஊர்ல எப்படியோ. பிள்ளையில்லாத பொம்பளயப் பிள்ளத்தாச்சி பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு வளையல் போட்டுவிட்டா அடுத்தது அவளுக்குத்தான்னு சொல்லுவாக. நல்ல எண்ணத்துலதான் அவளக் கூப்பிடப் போனேன், சத்தியமா. ஆறு வருஷம் வெறும் மடியோட இருக்காளே, நம்ம வீட்டுல குடியிருக்கிறவ, நம்ம கையால ஒரு நல்லது நடக்கட்டுமேன்னு. இன்னொண்ணும் மனசுல இருந்துச்சு, அதையும் சொல்லிர்றேன். நெசமாவே வயித்துல ஏதாச்சும் இருந்தா, அந்த வளையலுக்குக் கைநீட்ட மாட்டா. அதையும் பாத்துரலாமேன்னு.

கதவத் தட்டுனா தொறக்கல. சன்னல் வழியாத் தலைய ஆட்டுறா, வேண்டாம்க்கா, கிட்ட வராதீங்க, இன்னும் அஞ்சாறு நாளு போகட்டும்னு. மேல நாப்பது பேரு உக்காந்திருக்காக, சம்பந்தி பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் விடல. வரலேன்னா எம் மகளுக்கு ஆகாதத நீ நெனைக்கிறேன்னு அர்த்தம்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கதவத் தொறந்துட்டா. மணிக்கட்டப் பிடிச்சுப் படியேத்திக் கூட்டியாந்தேன். வலுவே இல்ல அவளுக்கு, வெறும் எலும்பு.

சிந்து பக்கத்துல உக்கார வச்சேன். நீ பாத்திருக்கணும் அந்தக் கூத்த. சேர் ஓரத்துல பாதி உக்காந்து, ஒடம்ப அங்கிட்டு வளைச்சுக்கிட்டு, மூச்சக்கூட அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. வளையல் போட்டேன். சந்தனம் பூசச் சொன்னா கைய இழுக்கிறா. நானே அவ கையப் பிடிச்சுச் சிந்து கன்னத்துல வச்சேன். போட்டோக்காரன் வேற லைட்டு சரியில்ல, திரும்பு, சிரின்னு அரைமணி நேரம் இழுத்துட்டான். அவ எந்திரிச்சு ஓடிரப்படாதுன்னு நான் பின்னாடி நின்னு தோள அமுத்திப் பிடிச்சுக்கிட்டேன். அந்த அரைமணியும் அவ கண்ணுல தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நல்ல காரியத்துல அழுகுறாளே பாவின்னு எனக்குத் தோணுச்சு.

பந்தி முடிஞ்சு எல்லாரும் போகவும் ராஜபாண்டி வந்தான், அவ போன் பண்ணிச் சொல்லியிருப்பா போல. கேட்டுக்கு வெளியிலயே நிக்கிறான். அப்பத்தான் சொல்றான்.

"அவளுக்குக் கேன்சர்க்கா. தைராய்டுல. ஆபரேஷன் பண்ணிட்டு, மிச்சம் இருக்கிறத எரிக்கக் கதிரியக்க அயோடின் குடுத்திருக்காங்க. கொஞ்ச நாளைக்கு அது அவ ஒடம்புல இருந்து வெளிய வீசும். புருஷன் நானே தள்ளி இருக்கேன். மாசமா இருக்கிற பிள்ள பக்கத்துல நீங்க எப்படிக்கா அவள இழுத்து உக்கார வச்சீங்க?"

கேட்டதும் எம் மக வயிறுதான் கண்ணு முன்னாடி நிக்குது. அப்புறம் நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. கதிர்வீச்ச எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கியேடி, சொன்னியா நீ ஒரு வார்த்தன்னு கேட்டேன். சன்னலுக்கு உள்ள இருந்துக்கிட்டு மெதுவாச் சொல்றா, சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவீங்களோன்னு பயந்தேன்க்கான்னு.

என்னையப் பத்தி என்ன நெனப்பு வச்சிருக்கா பாத்தியா? நான் அப்படிப்பட்ட ஆளா? முழுசா நாலு நாள் டைம் குடுத்தேன் காலி பண்ண. வேற எவளா இருந்தாலும் அன்னைக்கே சாமானத் தூக்கி வெளியில வச்சிருப்பா.

மறுநாளே சிந்துவக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சேன். மொத டாக்டரு பொறுமையாத்தான் சொன்னாரு. கழுத்துல இருக்கிற தைராய்டு இருக்கே, அது அயோடின எங்க கண்டாலும் உறிஞ்சிக்கிருமாம். அதுக்குத்தான் மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி உப்பு, மீனு, பாலு, முட்டை எல்லாத்தையும் நிறுத்தி அதப் பட்டினி போடுவாகளாம். வழக்கமாச் சாப்பிடுற மாத்திரையையும் நிறுத்திருவாகளாம், மூஞ்சி உப்புறதும் தூக்கம் வாறதும் அதனாலதானாம். பசியோட கெடக்கிற தைராய்டு செல்லு, மருந்து உள்ள போனதும் மொத்தத்தையும் இழுத்துக்கிட்டு உள்ளுக்குள்ளயே கருகிப் போகுமாம். மிச்சம் வேர்வையில, எச்சியில, மூத்திரத்துல போயிருமாம். ரெண்டு தடவ தண்ணி இழுக்கிறது அதுக்கு. எச்சி ஊறுற சுரப்பி கெட்டுப் போகாம இருக்கப் புளிப்பு மிட்டாய். எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருந்தாரு அந்த டாக்டரு. எனக்கு அதுவே சந்தேகம். முன்னாடியே பேசி வச்ச மாதிரி எப்படி ஒண்ணுக்கொண்ணு பொருந்துது?

பிள்ளைக்கு என்ன ஆகும்னு கேட்டேன். வயித்துப் பிள்ளைக்கும் மூணு மாசத்துக்கு மேல தைராய்டு வேலை செய்ய ஆரம்பிச்சிரும், அந்த மருந்தத் தாயே முழுங்கியிருந்தா ஆபத்துதான், பக்கத்துல உக்காந்ததுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாரு. மருந்து குடிச்சு ஒம்பது நாளாச்சு, பெரும்பகுதி வெளியில போயிருக்கும், மிஞ்சிப் போனா நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்த அளவுகூட வராது, எம்புட்டு நேரம், எம்புட்டு தூரம்கிறதுதான் கணக்குன்னாரு. வாயால சொன்னா ஆச்சா? நான் சொன்னேன், அப்ப நீங்க வயித்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பிள்ள நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லிருங்கன்னு. அவரு கண்ணாடியக் கழட்டிட்டு என்னையவே பாத்தாரு. சிந்துதான் சொன்னா, அம்மா, எக்ஸ்ரேயும் கதிர்வீச்சுதாம்மான்னு. எனக்கு எப்படித் தெரியும்? நான் எட்டாப்பு.

அப்புறம் இன்னொரு டாக்டரம்மா, அதுக்கப்புறம் இன்னொருத்தரு. மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாக. மூணு பேரும் ஒரே காலேஜோ என்னமோ. திரும்பி வாற வழியில ஆட்டோவுல எம் மக கால் வீங்கிப் போயி உக்காந்திருந்தா. திடீர்னு கேக்குறா, தமயந்திக்கா உங்கிட்ட முன்னாடியே சொன்னாங்களாம்மான்னு. இல்லவே இல்லன்னேன். போனை எங்கிட்ட நீட்டுனா. அதுல தமயந்தி எழுதியிருக்கா, உங்க அம்மாகிட்ட நீ வந்த அன்னைக்கே சொன்னேன் சிந்து, இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும், தப்பு எம் பேர்லதான், என்னைய மன்னிச்சிருன்னு. பாத்தியா, தப்பு அவ பேர்லதான்னு அவளே எழுதிக் குடுத்திருக்கா. அதச் சொன்னேன். சிந்து போனை வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டா. மறுநாள் காலையில மாப்பிள்ளைய வரவழைச்சு ஓசூருக்குக் கெளம்பிட்டா. பிரசவத்துக்கு வருவேல்லன்னு கேட்டேன். கார்க் கண்ணாடிய ஏத்திக்கிட்டா.

அவுக காலி பண்ணிட்டுப் போனதும் நான் ஒண்ணையும் விடல. மூணு தடவ வெள்ளையடிச்சேன். மஞ்சத்தண்ணி, கோமியம், பினாயில் எல்லாம் போட்டுக் கழுவுனேன். கக்கூஸ் கோப்பைய ஒடைச்சுப் புதுசு வச்சேன். அதனால நீ அதப் பத்திப் பயப்பட வேண்டாம், கதிர்வீச்சு ஒரு சொட்டு இல்ல இங்க. அந்த மருந்து தானாவே கொஞ்ச நாள்ல அடங்கிப் போயிரும், கழுவ வேண்டியதே இல்லன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? அதுலயிருந்து அவரு எங்கூடச் சரியாப் பேசுறதும் இல்ல. காது மந்தமாகுதுன்னு நெனைக்கிறேன். மாசம் ஒருக்கா அவரு மட்டும் ஓசூர் போயிப் பிள்ளையப் பாத்துட்டு வாறாரு. நானும் வாறேன்னா, ஒரு டிக்கெட்டுதான் கெடைச்சதும்பாரு. அஞ்சு மாசமா ஒரு டிக்கெட்டுதான் கெடைக்குது.

பிள்ள நல்லாத்தான் பொறந்துச்சு. மூணு கிலோ. குதிங்கால்ல குத்தி ரத்தம் எடுத்துத் தைராய்டும் பாத்தாகளாம், ஒரு குத்தமும் இல்லையாம். இருந்தாலும் எனக்கு மனசு ஆறல. ஒருக்கா வீடியோவுல பேசும்போது பிள்ள கழுத்தக் கொஞ்சம் தூக்கிக் காட்டுடின்னேன். போனை வச்சிட்டா.

போன வியாழக்கெழம நடந்ததுதான் எனக்குத் தாங்கல. சிந்து, மாப்பிள்ள, பிள்ள மூணு பேரும் இந்தா இருக்கிற மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்காக. எனக்கு யாரு சொன்னான்ற? பஞ்சவர்ணம். அவ புருஷன் ஆட்டோவுலதான் போயிருக்காக. மண்டபத்துல இருந்து நேரா எங்க போயிருக்காக தெரியுமா? திருநகர்ல தமயந்தி வீட்டுக்கு. பிள்ளைய அவ மடியில போட்டுட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசிட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாக. கேன்சர் வந்தவ மடியில, கதிர்வீச்சு குடிச்சவ மடியில எம் பேத்தி தூங்கியிருக்கு. இங்க நான் தொட்டில் கட்டிக் கொக்கியில மாட்டி வச்சிட்டு உக்காந்திருக்கேன்.

ஞாயித்துக்கெழம போன் போட்டேன். வையணும்னுதான் போட்டேன். அவ எடுத்ததும் அழுகை வந்திருச்சு எனக்கு. அவ ஒடம்புல கதிர்வீச்சு இருந்துச்சு, அவகிட்டப் பிள்ளையக் குடுக்கிற. எனக்குச் சுகர்கூட இல்ல, எங்கிட்ட ஏண்டி கொண்டார மாட்டேங்குறன்னு கேட்டேன். அவ கோவிச்சுக்கல. சத்தமும் போடல. பிள்ளையத் தூங்கப் போடுற மாதிரி மெதுவாப் பேசுனா.

"அவங்க ஒடம்புல இருந்தது எத்தன நாள்ல போகும்னு டாக்டர் சொன்னாரும்மா. அவங்களும் நாள எண்ணி, எட்டியே நின்னாங்க, எனக்காக. ஆறு மாசத்துக்கு முன்னாடியே அது போயிருச்சு. உங்கிட்ட இருக்கிறது எப்பம்மா போகும்?"

எங்கிட்ட என்னடி இருக்குன்னு கேக்குறேன், கேக்குறேன், அவ சொல்லல. பிள்ள சிணுங்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அதுவும் கேக்கல.

நாலு நாளா அதேதான் மனசுக்குள்ள ஓடுது. வீட்டுக்காரருகிட்டக் கேட்டேன், பேப்பர மடிச்சு வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நீ வெளியாளு, உனக்கு இதுல ஓரவஞ்சனை இல்ல. அரைமணி நேரமா எம் பக்கத்துலதான உக்காந்திருக்க. நீயே சொல்லும்மா, எங்கிட்ட என்ன இருக்கு?